இதயம் எத்தனை மணி நேரம் தாங்கும்?

கேள்வி: போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர் மூளைச்சாவு அடைந்தால், அவர் இதயம் சென்னை போய்ச் சேரும்வரை கெடாமலிருக்க மருந்து உண்டா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: உண்டு, இரண்டு கட்டமாக. மூளைச்சாவுக்குப் பின் ரத்த அழுத்தம் சரியும், ஹார்மோன்கள் குறையும். அதனால் இதயம் உடலில் இருக்கும்போதே வாசோபிரசின், ஸ்டீராய்டு, சில சமயம் தைராய்டு ஹார்மோனும் கொடுப்பார்கள். எடுக்கும்போது பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தித் துடிப்பை நிறுத்துவார்கள். குளிர்ந்து ஓய்ந்த இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. அப்படியும் ஐஸ் பெட்டியில் சுமார் 4 மணி நேரம்தான் கணக்கு. ஆகவே மருந்தோடு மதுரையிலிருந்து சென்னைக்கு விமானமும் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் கொடையாளர் வேண்டும். அப்படி உறுப்புக் கொடை செய்பவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அதை முதலில் பெற்றவர் உங்கள் பக்கத்துச் சின்னமனூர்க்காரர்தான்.