தி.நகர் கட்டடத்தின் விலையைப் பிரிப்பது பற்றி

அன்புள்ள காயத்ரிக்கு,

தி.நகரில் கடைக் கட்டடம் வாங்கும் உன் கிளையன்ட்டுக்காகக் கிரய விலையை நிலம், கட்டடம், இயந்திரம் என்று பிரித்துத் தேய்மானம் போடப் போவதாக எழுதியிருந்தாய். அமெரிக்காவில் இதற்கென்றே தனித் தொழில் இருக்கிறது. அங்கே வணிகக் கட்டடத்தைக் கழிக்க 39 ஆண்டு, உள்ளே இருக்கும் சில பொருள்களுக்கு 5 ஆண்டுதான். நம் ஊரில் இடைவெளி அவ்வளவு இல்லை. வருமான வரிச் சட்டத்தின் விகிதப்படி வணிகக் கட்டடத்துக்கு 10 சதவீதம், ஃபர்னிச்சருக்கும் வயரிங், சுவிட்ச், ஃபேன் வகையறாவுக்கும் அதே 10, இயந்திரத்துக்கு 15. ஆகவே வயரிங்கைத் தனியே பிரித்து ஒரு பைசா மிச்சமில்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி. பிளான்ட் இவற்றில்தான் வேலை. மாநகராட்சியின் அரையாண்டு சொத்து வரி இதனால் குறையாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். பாண்டி பஜார் பக்கம் கொடுக்கிற விலையில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான், மண்ணுக்குத் தேய்மானம் கிடையாது. அதனால் நிலத்தைக் குறைத்துக் கட்டடத்தை ஏற்றிக் காட்ட ஆசை வரும். ஓர் அறிக்கை நிற்குமா விழுமா என்பது இங்கேயே தெரிந்துவிடும். வழிகாட்டி மதிப்பு, அதே தெருவின் சமீபத்திய கிரயங்கள், வயதைக் கழித்த கட்டுமானச் செலவு மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்; ஒத்துப்போகாவிட்டால் காரணத்தை எழுது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த சொத்துக்கு வரியைக் குறைக்கவே விலையைக் கூட்டியதாகத் தெரிந்தால், மேலதிகாரியின் ஒப்புதலோடு அதை மாற்றி நிர்ணயிக்க மதிப்பீட்டு அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம் குளியலறைச் சாமான்களையும் குழாய்களையும் இயந்திர வகையான ‘பிளான்ட்’ என்றதே, நாமும் சேர்க்கலாமே என்பாய். அதே நீதிமன்றம் 2000-இல் ஆனந்த் தியேட்டர்ஸ் வழக்கில் ஓட்டல், தியேட்டர் கட்டடங்கள் பிளான்ட் ஆகா என்றது. 2004 ஏப்ரல் முதல் சட்டத்தின் விளக்கமே கட்டடத்தையும் ஃபர்னிச்சர், ஃபிட்டிங்குகளையும் விலக்கிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு கழிவறைக் குழாயை 15-இல் போடாதே. பொருள் தொழிலை இயக்குகிறதா, தொழில் நடக்கும் இடமாக மட்டும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கேள்.

பதிலுக்குச் சான்றும் வேண்டும். மொத்த விலையில் இத்தனை சதவீதம் இயந்திரம் என்று உட்கார்ந்த இடத்தில் போட்ட கணக்கு விசாரணையில் நிற்காது. ஒரு பொறியாளரோடு மொட்டை மாடிவரை ஏறிப் பார். ஜெனரேட்டர் பெயர்த்தகட்டில் உள்ள கே.வி.ஏ., சீரியல் எண், தயாரித்த ஆண்டு, லிஃப்ட்டின் உரிமம் எல்லாம் படத்தோடு கோப்பில் இருக்கட்டும். பயன்பாட்டுக்கு வந்த தேதிக்கும் ஆதாரம் வை. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைந்தால் பாதித் தேய்மானம்தான்.

இவ்வளவு பாடு தேவையா என்பது நியாயமான கேள்வி. இயந்திரங்கள் 60 லட்சம் என்று வைத்துக்கொள். முதல் ஆண்டில் கூடுதல் தேய்மானம் 3 லட்சம்; 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 90,000 ரூபாய். அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, ஒன்பதாம் ஆண்டில் தலைகீழாகிவிடும். அதாவது வரி தள்ளிப்போகிறதே ஒழிய மறைவதில்லை. இந்தக் கணக்கை ஒளிக்காமல் கிளையன்ட்டிடம் காட்டு. உன் கட்டணமும் பொறியாளர் கட்டணமும் சேர்ந்து அந்த மிச்சத்தை நெருங்குமானால், இந்த அறிக்கையே வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா