பாக்கெட் மணி தீர்ந்துபோச்சா? மறுபடியும் கொடுக்காதீங்க!



போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணாங்க. குரலே சரியில்லை. "டேய், உன் மருமகன் என் போன்ல கேம் விளையாடி ஒரே மாசத்துல 4,300 ரூபாயைக் காலி பண்ணிட்டான். நீ ஆடிட்டர்தானே, வந்து நாலு வார்த்தை கேளு."

பையன் எட்டாவது படிக்கிறான். கேட்டேன். அழுதுக்கிட்டே சொன்னான்: "கடைக்குப் போறப்ப அம்மாதான் மாமா போனையும் பின் நம்பரையும் குடுப்பாங்க. கேம்ல 99 ரூபாய், 199 ரூபாய்னு சின்னச் சின்னதாத்தான் வாங்கினேன். அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்கு, எவ்வளவு போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் திட்ட வாய் வரலை. முதல் கிரெடிட் கார்டு பில் வந்ததும் நம்மில் பல பேர் சொல்ற அதே பதில்தானே இது? அவன் 13 வயசுல 4,300 ரூபாயில் கத்துக்கிட்டான். நாம 25 வயசுல லட்சத்தில் கத்துக்கிறோம்.

உங்களுக்குக் குழந்தை இல்லைன்னாலும் தம்பி, தங்கை, அக்கா பசங்க இருப்பாங்க. வீட்டில் சம்பளம் வாங்குற ஆளா நீங்க செய்யக்கூடியது நிறைய இருக்கு.

அடிப்படை விதி ஒண்ணுதான்

ஒரு தொகையை முன்கூட்டியே முடிவு பண்ணி, அதே தேதியில் கொடுங்க. நடுவில் தீர்ந்துபோனா, அடுத்த தேதி வரை காத்திருக்கட்டும். கேட்கும்போதெல்லாம் 20, 50னு கொடுத்தா பிள்ளைகள் கத்துக்கிறது பட்ஜெட் இல்லை. எப்படிக் கேட்டா கிடைக்கும்ங்கிற வித்தை மட்டும்தான்.

சாப்பாடு, பஸ் கட்டணம், நோட்டுப் புத்தகம் இதில் சேராது. அது நம்ம பொறுப்பு.

5 முதல் 9 வயசு: கையில் ரொக்கம்

இந்த வயசில் ஜிபே வேண்டாம். ஸ்கேன் பண்ணா பணம் குறையுறது கண்ணுக்குத் தெரியாது. வாரம் 30 ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகக் கொடுங்க. மூணு டப்பா வையுங்க: செலவு, சேமிப்பு, மத்தவங்களுக்கு. கடைக்குக் கூட்டிட்டுப் போய் மீதிச் சில்லறையை அவங்களையே எண்ணி வாங்கச் சொல்லுங்க.

10 முதல் 14 வயசு: சொந்த அக்கவுண்ட்

10 வயசு நிறைஞ்ச பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம்னு ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியிருக்கு. எவ்வளவு வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஓவர் டிராஃப்ட் கிடையாது. இருக்கிற பணத்துக்குள்தான் செலவு. கத்துக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல அக்கவுண்ட் இல்லை.

இப்போ வாரப் பணத்தை மாசப் பணமா மாத்துங்க. முதல் மாசம் பத்தாம் தேதிக்குள்ளேயே தீர்ந்துடும். தீரட்டும்.

15 முதல் 18 வயசு: வீட்டுக் கணக்கில் பங்கு

ஈபி பில்லை அவங்க பொறுப்பில் விடுங்க. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனா மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினா, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிடும். கடைசி சில யூனிட் பில்லை எப்படித் தூக்குதுன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தா, ஏசி ரிமோட்டை அவங்களே தேடி எடுப்பாங்க.

விதிக்கு ஒரே ஒரு விலக்கு: ஒரு தடவை கடன் கொடுங்க. 300 ரூபாய் கொடுத்து, அடுத்த மாசம் 330 பிடிங்க. பிறகு சொல்லுங்க: பல கிரெடிட் கார்டுகளில் வட்டி மாசம் 3.5 சதவீதத்தைத் தொடும். வருஷத்துக்கு 42 சதவீதம்.

ஆடிட்டரா ஒரு எச்சரிக்கை

"குழந்தை பேர்ல எஃப்டி போட்டா வரி மிச்சம்தானே?"ன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. இல்லை. மைனர் பேரில் வரும் வட்டி, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க வருமானத்தோடு சேரும். பழைய வரி முறையில் ஒரு பிள்ளைக்கு வருஷம் 1,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. பிள்ளை தன் சொந்தத் திறமையால் சம்பாதிச்சா அது பிள்ளையோட வருமானம்.

மருமகன் என்ன ஆனான்?

அக்கா முதல்ல பின் நம்பரை மாத்தினாங்க. அப்புறம் அவனுக்கு மாசம் 600 ரூபாய்னு முடிவு பண்ணோம். அதில் 200 ரூபாய் பழைய கடனுக்குத் திரும்ப அக்காவுக்கு. ரெண்டாவது மாசம் பணம் தீர்ந்து, நண்பன் பிறந்தநாளுக்குப் பசங்க காசு சேர்த்தப்ப இவனால போட முடியலை. "பாவம்டா, ஒரு 100 ரூபாய் குடுத்துடவா?"ன்னு அக்கா கேட்டாங்க. வேண்டாம்னு சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. அன்னிக்கு அவன் கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செஞ்சு எடுத்துட்டுப் போனான்.

அடுத்த மாசத்துலேருந்து முதல் தேதியே 50 ரூபாயைத் தனியா எடுத்து வைக்கிறான். யாரும் சொல்லலை.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் உங்க வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைங்க. வாடகை, இஎம்ஐ, மளிகை, மிச்சம்: நாலே வரி எழுதிக் காட்டுங்க. பாடம் அங்கேயே ஆரம்பிக்கட்டும்.