எந்த அரிசி?

கடைக்குப் போய் "அரிசி தாங்க" என்று கேட்டால், "எந்த அரிசி?" என்ற கேள்விதான் முதலில் வரும். சம்பா, கீரிச்சம்பா, நாடு, சிவப்புப் பச்சை, வெள்ளைப் பச்சை என்று கடைக்காரரின் முன்னால் பல மூடைகள் இருக்கின்றன. வீட்டிலோ ஒரே ஒரு வாளியில்தான் அரிசி இருக்கும். அங்கே, "மகள், அரிசியக் கழுவி வைங்க" என்று உம்மா சொன்னாலே போதும். பொருள் மாறவில்லை, அதன் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதே மாறியிருக்கிறது. அதனால் சொல்லும் மாறுகிறது.

"சிவப்புப் பச்சை" என்று கேட்டு யாரும் திகைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அங்கே 'பச்சை' நிறத்தைக் குறிக்கவில்லை. புழுக்காத அரிசி என்று பிரித்துக் காட்டுகிறது. 'சிவப்பு', அதை வெள்ளைப் பச்சையிலிருந்து பிரிக்கிறது. ஆகவே இரண்டு சொற்களுக்கும் வேலை இருக்கிறது.

இந்த உண்மையை நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். ஒரு பெயருக்கு முன்னால் பண்பைக் குறிக்கும் அடைமொழி வந்தால், அது அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றிலிருந்து அப்பொருளைப் பிரித்துக் காட்ட வேண்டும். அப்படிப் பிரிக்காத அடைமொழி செய்யுளுக்கு உரியது, அன்றாட வழக்குக்கு உரியதன்று என்று அந்த இயல் சொல்கிறது. செந்தாமரை என்கிறோம், ஏனெனில் வெண்டாமரையும் உண்டு. செஞ்ஞாயிறு என்று கவிஞர் பாடலாம். ஆனால், "செஞ்ஞாயிறு உதித்துவிட்டது, எழும்புங்கள்" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. பிரித்துக் காட்ட வேறொரு ஞாயிறு இல்லையே! தெருவோரத்தில் நாம் வாங்கிக் குடிக்கும் செவ்விளநீருக்கோ அந்த அடைமொழி தேவை. பச்சை இளநீரும் அருகிலேயே குலையாகத் தொங்குகிறது.

இதற்கு மிக நெருக்கமான ஒரு கருத்தை பிரித்தானிய மெய்யியலாளர் போல் கிரைஸ் 1967இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் முன்வைத்தார். உரையாடலுக்குத் தேவையான அளவு தகவலைச் சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் சொல்லக் கூடாது என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று.

ஆனால் "தேவை" என்றால் யாருடைய தேவை? 1958இல் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுண் இதுபற்றி எழுதினார். ஒரு நாணயத்தை உலோகம் எனலாம், காசு எனலாம், அதன் பெறுமதியைச் சொல்லியும் அழைக்கலாம், அது வெளியான ஆண்டைக்கூடச் சேர்க்கலாம். எல்லாமே உண்மையான பெயர்கள்தாம். எனினும் சின்னப் பிள்ளையிடம் பெரியவர்கள் "காசு" என்றே சொல்கிறார்கள். அதை வாயில் போடக் கூடாது, தொலைக்கக் கூடாது என்று பிள்ளை அறிந்துகொள்ள அந்தப் பெயரே போதும். ஆக, தேவையைத் தீர்மானிப்பவர் கேட்பவரே.

கேட்பவரின் பங்கை 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. அதைச் செய்தவர்கள் ஹேர்பர்ட் கிளார்க், டியானா வில்க்ஸ்-கிப்ஸ் ஆகியோர். ஒருவரையொருவர் பார்க்க முடியாதவாறு இருவரை அமர்த்தி, பெயரே இல்லாத பன்னிரண்டு வடிவங்களை இருவருக்கும் கொடுத்தார்கள். ஒருவர் விவரிக்க, மற்றவர் அதே வரிசையில் அவற்றை அடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரு வடிவத்தை விவரிக்கச் சராசரியாக 41 சொற்கள் தேவைப்பட்டன. ஆறாம் சுற்றில் 8 சொற்களே போதுமாயின. பனியில் சறுக்குபவர் போலத் தெரிந்த ஒரு வடிவத்தை முதலில் நீளமாக விவரித்தவர், கடைசியில் "பனிச்சறுக்குக்காரர்" என்று மட்டும் சொன்னார். கேட்பவர் வினவியும் உறுதிப்படுத்தியும் வந்ததால், இருவரும் சேர்ந்து அந்தப் பெயரை உருவாக்கியிருந்தார்கள். அப்போது அறைக்குள் வரும் மூன்றாமவருக்கு அது புரியாது.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றில் நாம் கவனமாக இருக்க வேண்டும். "காலையில சின்ன வெள்ளக் குளிசை, ராவைக்கு ரோஸ் கலர்" என்று உம்மம்மா சொன்னால், தினமும் மருந்து எடுத்துக் கொடுக்கும் மகளுக்கு விளங்கும். அந்த மகள் ஊரில் இல்லாத நாளில் பேத்தியோ அயல்வீட்டாரோ மருந்து கொடுக்க நேரிடலாம். உம்மம்மாவைத் திடீரென்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் நேரிடலாம். "என்ன மருந்து பாவிக்கிறார்?" என்று வைத்தியர் கேட்கும்போது "சின்ன வெள்ளை" என்ற பதில் அவருக்கு எதையும் பிரித்துக் காட்டாது. சின்னதாகவும் வெள்ளையாகவும் இருக்கும் குளிசைகள் ஏராளம். அதோடு, ஒரே மருந்தை வெவ்வேறு நிறுவனங்கள் தயாரிக்கும்போது நிறமும் வடிவமும் மாறக்கூடும். போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக வரலாம்.

அங்கே உண்மையில் பிரித்துக் காட்டுபவை மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும்தான். அவை குளிசை அட்டையிலோ, மருந்து போட்டுத் தரும் கடதாசி உறையிலோ இருக்கும். எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டிவிட்டு உறைகளை எறிந்தால், அந்தப் பெயர்களையும் சேர்த்தே எறிந்துவிடுகிறோம். குளிசைகளை அவற்றின் உறையிலேயே வைப்பதும், மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுவதும் பத்து நிமிட வேலை. படிக்கும் பிள்ளைகளாகிய நாம் இன்றே அதைச் செய்து கொடுக்கலாம்.

"எந்த அரிசி?" என்று கடைக்காரர் கேட்பது போல், "எந்தக் குளிசை?" என்று ஒரு நாள் யாரோ கேட்பார்கள். கேட்பவர் நம் வீட்டுக்குப் புதியவராக இருந்தாலும் விளங்கக்கூடிய பதிலை இப்போதே எழுதி வைப்போம்.