ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொல்லவில்லை

குடும்பப் பாடம்: பெற்றோருக்கு



சில மாதங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கலைந்த பிறகு, ஒரு தாய் கண்கலங்கிக் கோயில் வாசலில் நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவள். அவளுடைய பன்னிரண்டு வயது மகள், தான் வயதுக்கு வந்ததை மூன்று நாள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாளாம். மூட்டையில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து உபயோகித்துக்கொண்டு, இரவில் தனியே அழுதிருக்கிறாள். ஏதோ தீராத வியாதி வந்துவிட்டது, செத்துப்போகிறோம் என்று எண்ணியிருக்கிறாள். "இன்னும் நாள் இருக்குதேன்னு இருந்துட்டேனுங்க சாமி" என்றாள் தாய்.

அடுத்த மாதம் மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. தெருமுனையில் பிளெக்ஸ் நின்றது. தாய்மாமன் சீர்த்தட்டு வரிசையாய் வந்தது. பெண் பெரியவளானாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னோம். பெரியவளாவது என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் ஒருவரும் முன்னதாகச் சொல்லவில்லை.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உறுதிபூசுதல் வகுப்பில் பத்துக் கற்பனைகளை விளக்கும்போது, ஆறாம் கற்பனை வந்ததும் ஐந்து நிமிஷத்தில் தாண்டி ஏழாம் கற்பனைக்குப் போய்விடுகிறவன் நான். எனக்குப் படிப்பித்த உபதேசியாரும் அப்படித்தான் செய்தார். ஆதலால் இந்தப் பாடம் உங்களுக்கும் எனக்கும் சேர்த்தே.

1. மௌனம் காவலாகுமா?

"சொல்லாமல் இருந்தால் பிள்ளை கபடில்லாமல் வளரும், சொன்னால் இல்லாத ஆசையைக் கிளப்பிவிட்டதாகும்" என்பது நம்மில் பலருடைய எண்ணம். நல்லெண்ணந்தான். ஆனால் உண்மையா?

நம் தேசத்துப் பெண்பிள்ளைகளின் மாதவிலக்கைப் பற்றி நடந்த 138 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பரிசீலித்து, 2016-ம் ஆண்டு ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சுமார் 97,000 பெண்களைப் பற்றிய விவரம் அதில் அடங்கியிருக்கிறது. முதல் மாதவிலக்கு வருமுன்பே அதைப் பற்றி அறிந்திருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்தான். மற்றப் பாதிப்பேரும் அந்தத் தாயின் மகளைப்போல, ஒன்றும் அறியாமலே அதைச் சந்தித்தவர்கள்.

சொன்னால் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டிக்காக, பல தேசங்களில் நடந்த 77 சோதனைகளையும் 22 ஆய்வுத் தொகுப்புகளையும் ஆராய்ந்தார்கள். வயதுக்கேற்ற பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை, பல இடங்களில் தாமதிக்கவே செய்கிறது என்று கண்டார்கள். "விலகியிரு" என்ற ஒரே வார்த்தையை மாத்திரம் போதித்து, காரணத்தைச் சொல்லாத வகுப்புகள் பிள்ளைகளைத் தாமதிக்கச் செய்யவில்லை என்றும் கண்டார்கள். கருத்தடை முதலிய காரியங்களில் அந்த வழிகாட்டி சொல்லுவதும் திருச்சபை போதிப்பதும் ஒன்றல்ல. ஆனால் மௌனம் காவலாகாது என்ற இந்த உண்மையை நாம் தள்ளிவிட முடியாது.

நம் தேசத்தில் 2005-ல் பள்ளிகளுக்கென்று இளம்பருவக் கல்வித் திட்டம் ஒன்று வந்தது. 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய இராஜ்யங்கள் அதை நிறுத்தின. பாடத்தை நிறுத்தினார்கள், பிள்ளைகள் வளர்வதை நிறுத்த முடியவில்லை. வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லையென்றால் வாத்தியார் யார்? கையிலிருக்கும் செல்போன்!

2. நம் ஊர்ப் பிள்ளைகள்

திருப்பூரில் தாயும் தகப்பனும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்கு வருகிறார்கள். காம்பவுண்டு வீட்டில் பத்துக் குடும்பம். ஒரு வரிசைக் கக்கூஸ். பத்தாவது முடித்த கையோடு கைமடிக்கோ செக்கிங்குக்கோ போகிற பிள்ளைகளும் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண்கள் அநேகர். அவர்களுக்குச் சொல்ல பாட்டியுமில்லை, அத்தையுமில்லை.

அறியாமை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை விசாரித்து, தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் 2019-ல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் வேலையிடத்தில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் பேரில்லை, என்ன மருந்து என்றில்லை, காலாவதித் தேதியில்லை. விசாரிக்கப்பட்ட அத்தனை பேரும் அதை வாங்கி விழுங்கினவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் தங்கள் உடம்பு கெட்டது என்று சொன்னார்கள்.

மிஷின் நிற்கக்கூடாது என்று மாத்திரை கொடுத்தவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியவர்களே. ஆனாலும், தன் சரீரத்தைப் பற்றி வெட்கமின்றிப் பேசத் தெரிந்த பெண், "இது என்ன மாத்திரை? சீட்டு எங்கே?" என்று கேட்பாள். வெட்கப்பட மாத்திரம் கற்றவள், தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்குவாள்.

ஆண்பிள்ளைகளின் கதி இதைவிடப் பரிதாபம். பெண்ணுக்காவது ஒரு சடங்கு உண்டு, பையனுக்கு அதுவுமில்லை. தூக்கத்தில் விந்து வெளிப்பட்டால், சக்தியெல்லாம் போயிற்று என்று நடுங்குகிறான். டெலிவிஷனில் விளம்பரம் பார்த்து, மாதம் ஒருநாள் லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியனுக்குத் தன் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொடுக்கிறான். அது வளரும் பருவத்தில் இயல்பாய் நடப்பது. அதனால் பலவீனமோ வியாதியோ வராது என்பது மருத்துவ உண்மை. தூக்கத்தில் மனதின் சம்மதமில்லாமல் நடப்பது பாவமுமல்ல. இதை இரண்டு நிமிஷத்தில் தகப்பன் சொல்லியிருந்தால், பையனுடைய பணமும் மனச்சமாதானமும் மிஞ்சியிருக்கும்.

3. திருச்சபை என்ன சொல்லுகிறது?

கேள்வி: இவற்றைப் பேசுவது நம் வேதத்துக்கு ஒவ்வாது அல்லவா?

விடை: ஒவ்வும். 1929-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர், தேவ பயமில்லாமலும் வகைதொகையில்லாமலும் எல்லோருக்கும் பொதுவில் இவற்றைப் போதிப்பதைக் கண்டித்தது மெய்தான். ஆனால் தேவையான இடத்தில், சர்வேசுரன் அந்தப் பொறுப்பைக் கொடுத்தவர்கள் போதிக்கலாம் என்று அவரே இடம் வைத்தார். 2-ம் வத்திக்கான் சங்கம் 1965-ல், பிள்ளைகள் வளர வளர விவேகமான பாலியல் கல்வி அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று கேட்டது. பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 1981-ல், அது பெற்றோரின் உரிமையும் கடமையும் என்றார். பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில், இக்கல்வி வேண்டும் என்று தலைப்பிட்டே எழுதியிருக்கிறார்.

கேள்வி: பள்ளிக்கூடம் சொல்லட்டுமே?

விடை: பள்ளியும் சொல்லட்டும். ஆனால் அறுபது பிள்ளைகள் நடுவே டீச்சர் சொல்லுவது வேறு. இருட்டில் அழுகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு தாய் சொல்லுவது வேறு.

4. எந்த வயதில் எதைச் சொல்லுவது?

ஏழு வயதுக்குள்: சரீரத்தின் எல்லா உறுப்புக்கும் பேருண்டு என்றும், எல்லாம் சர்வேசுரன் படைத்த நல்ல உறுப்பு என்றும் சொல்லுங்கள். உள்ளாடை மறைக்கும் இடத்தை வேறொருவர் தொட்டால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள்.

எட்டு முதல் பத்து: பெண்ணுக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொல்ல இதுவே சமயம், பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டாம். சில பெண்களுக்குப் பத்து வயதிலேயே வந்துவிடும். நாப்கினைக் கையில் கொடுத்து, எப்படி வைப்பது, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று காட்டுங்கள்.

பதினொன்று முதல் பதினாலு: முதல் இரண்டு வருஷம் மாதக்கணக்கு முன்பின்னாக வரலாம் என்று சொல்லுங்கள். ஆனால் பதினைந்து வயதாகியும் வராவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் போனாலும், மூன்று மாதம் நின்றுபோனாலும், பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாதபடி வலித்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுகிறது. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள். பையனுக்கு, குரல் உடைவது, தூக்கத்தில் நடப்பது எல்லாவற்றையும் தகப்பனே சொல்லட்டும். செல்போனில் வரும் ஆபாசப் படங்கள் பணத்துக்காக எடுத்த நடிப்பு. அதில் அன்புமில்லை, உண்மையுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பதினைந்துக்கு மேல்: கரு உண்டாவது எப்படி, எய்ட்ஸ் முதலிய நோய்கள் பரவுவது எப்படி என்று மறைக்காமல் சொல்லுங்கள். நம் தேசத்தில் எய்ட்ஸ் கிருமி முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல் நம் சென்னையில்தான். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதாகாமல் கலியாணம் சட்டவிரோதம். அப்படியிருந்தும், 20 முதல் 24 வயதான தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் 18-க்கு முன்பே தாலி கட்டிக்கொண்டவர்கள் என்று அதே ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பெண் யாரோடோ பேசினாள் என்ற பயத்தில் அவசரக் கலியாணம் செய்வது பரிகாரமல்ல.

5. சொல்லத் தெரிந்த பிள்ளையே தப்பும்

மத்திய அரசு 13 இராஜ்யங்களில் 12,447 பிள்ளைகளை விசாரித்து, 2007-ல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒருவிதத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆளானவர்களில் பையன்களே பாதிக்குச் சற்று மேல். குற்றஞ்செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் காக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்ல வார்த்தை தெரியாத பிள்ளையைச் சட்டம் எப்படிக் காக்கும்? ஆகவே அவர்களுக்கு வார்த்தையைக் கொடுங்கள். தொட்டவர் மாமனானாலும், சூப்பர்வைசரானாலும், வாத்தியாரானாலும், கோயில் ஊழியரானாலும், குருவானவரே ஆனாலும் விலக்கு இல்லை என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள், திட்டாதீர்கள். 1098 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்.

இவ்வாரத் தீர்மானம்

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டிலும், இந்த ஞாயிறு மாலை செபமாலை முடிந்தபின் கால்மணி நேரம். தாய் மகளோடு, தகப்பன் மகனோடு. டெலிவிஷன் அணைந்திருக்கட்டும், செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியாதவர்களுக்கு, அந்தத் தாய் பிறகு தன் இளைய மகளிடம் எப்படித் தொடங்கினாளோ அதையே சொல்லுகிறேன்: "கண்ணு, உன்ற அக்காளுக்கு ஒண்ணு நடந்தது. நான் முன்னாலயே சொல்லாம விட்டுட்டேன், அவ பயந்துட்டா. நீ பயப்படக் கூடாது, அதுக்குத்தான் இப்பச் சொல்றேன்."

நானும் என் பங்கைச் செய்வேன். இவ்வருஷ உறுதிபூசுதல் வகுப்பில் ஆறாம் கற்பனைக்கு ஐந்து நிமிஷமல்ல, இரண்டு முழு வகுப்பு. பெண்பிள்ளைகளுக்குப் பெண் டாக்டர் ஒருவரும், பையன்களுக்கு ஆண் டாக்டர் ஒருவரும் வந்து பேசுவார்கள். பெற்றோரும் கூட இருக்க வேண்டும். பிள்ளைகள் வெட்கப்பட்டால் பாதகமில்லை. நாம் வெட்கப்பட்டு ஓடாமலிருந்தால் போதும்.

உங்கள் பங்குக் குரு