முந்திச் செல்ல யாருக்கு உரிமை?

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் உண்டு. 1970களில் அமைக்கத் தொடங்கிய அத்தடத்தால், கார்களும் லாரிகளும் நகராமல் நிற்கும் மாலை வேளையிலும் மோட்டார் சைக்கிளோட்டிகள் தங்கள் வழியில் போய்க்கொண்டிருப்பார்கள். கணினி வலையமைப்பிலும் இதே போன்ற நெரிசலும் இதே போன்ற தீர்வும் உண்டு.

பள்ளியொன்றின் கணினிகள், அலுவலகத்தின் இணையத் தொலைபேசி, பாதுகாப்புக் கேமராக்கள் ஆகியவை சுவிட்ச் என்னும் கருவியில் வந்து இணைகின்றன. இவை அனுப்பும் தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பயணிக்கிறது. வெளியே செல்லும் இணைப்பு குறுகலானால் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும். முதலில் வந்தது முதலில் போகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 பைட் கொண்ட பொட்டலம் ஒன்றில் 12,000 பிட் உள்ளன. வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது வெளியேற 1.2 மில்லிவினாடி ஆகும். அத்தகைய 100 பொட்டலங்களுக்குப் பின்னால் நிற்கும் குரல் பொட்டலம் 120 மில்லிவினாடி காத்திருக்க நேரும். உரையாடல் இயல்பாக அமைய, ஒருவர் பேசுவது மற்றவரை 150 மில்லிவினாடிக்குள் எட்டுவது நல்லது என அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. ஒரே ஒரு வரிசை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. மின்னஞ்சல் இரண்டு வினாடி தாமதித்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பாடங்கள் இணையத்துக்கு மாறின. வேகம் குறைந்த இணைப்பு உள்ள வீட்டில் அண்ணன் பெரிய விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கினால், தங்கையின் நேரலை வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகிவிடும். அவளுக்கு அன்றைய பாடமே போயிற்று.

இதைத் தவிர்க்கவே முன்னுரிமை முறை பயன்படுகிறது. தரவுச் சட்டகத்தின் தலைப்பகுதியில் முன்னுரிமையைக் குறிக்க 3 பிட் இடம் ஒதுக்கலாம். அதனால் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கிடைக்கின்றன. வலையமைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளுக்கு 7ஐயும் குரலுக்கு 5ஐயும் தருவது பரவலான வழக்கம். சுவிட்ச் அந்த எண்ணைப் படித்துப் பொட்டலத்தை உரிய வரிசையில் சேர்க்கும். ஆனால், எல்லாக் கருவியின் சொல்லையும் நம்பலாமா? பெருநாள் நெரிசலில் அவசரத் தடத்தில் புகும் கார்களைப் போல, தனக்குத் தானே உயர்ந்த எண்ணைச் சூட்டிக்கொள்ளும் கணினியும் இருக்கலாம். ஆகவே, தொலைபேசி இணைந்துள்ள முனையின் எண்ணை மட்டும் ஏற்று, மற்ற முனைகளில் வருவதை 0 என மாற்றும்படி நிர்வாகி அமைப்பார்.

அடுத்து, எந்த வரிசைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை முடிவுசெய்ய வேண்டும். உயர்ந்த வரிசை காலியாகும் வரை மற்றவை காத்திருக்கட்டும் என்பது கண்டிப்பான முறை. குரலுக்கு அது பொருந்தும். குரல் எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. காணொளிக்கும் அதையே கொடுத்தால் கீழ் வரிசைகள் பட்டினி கிடக்கும். எனவே, மற்ற வரிசைகளுக்கு 4:2:1 போன்ற விகிதத்தில் முறை வைப்பதே மேல். காணொளி நான்கு பொட்டலம் அனுப்பினால், இணையப் பக்கங்கள் இரண்டும் பதிவிறக்கம் ஒன்றும் அனுப்பும். யாருக்கும் கதவு முற்றாக அடைபடுவதில்லை.

அமைத்தபின், ஒவ்வொரு வரிசையிலும் கைவிடப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கையைச் சுவிட்ச்சிலேயே பார்க்கலாம். கீழ் வரிசையில் அது நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால் விகிதத்தை மாற்றிப் பயனில்லை. முன்னுரிமை, இருக்கும் சாலையைப் பங்கிடுமே தவிர அகலமாக்காது. அப்போது வேகம் கூடிய இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதுதான்.