வெள்ளியில் மழை பெய்துகொண்டிருந்த காலம்

விஞ்ஞானக் கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "எந்தக் கிரகத்தில் ஆரம்பிக்கலாம், ஐயா?" என்று கேட்பதுண்டு. வெள்ளியில் ஆரம்பியுங்கள் என்பேன். செவ்வாய்க்கு ஓடுகிறவர்கள் ஓடட்டும். நமக்கு மிக அருகே, சுமார் 4 கோடி கிலோமீட்டர் வரை, நெருங்கி வருவது வெள்ளிதான். பருமனிலும் பூமிக்குத் தங்கை மாதிரி. ஆனால் அங்கே கதை சொல்லப் போனவர்களில் வழுக்கி விழாதவர் அபூர்வம். விழுந்த இடங்களைக் காட்டிவிடுகிறேன், நான் விழுந்தது உட்பட.

1. மேகத்தைப் பார்த்ததும் குடையைத் தேடாதீர்கள்.

1761-இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்துபோனபோது அதன் விளிம்பில் ஒளி கசிவதைக் கண்டு, அங்கே காற்று மண்டலம் இருக்கிறது என்றார் ரஷ்யாவின் லோமொனோசோவ். அது சரி. அதன்பிறகு தொலைநோக்கியை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரிந்தது வெள்ளை மூட்டம்தான். கண்ணுக்கு எட்டாத இடத்தில் மனசு சும்மா இருக்குமா? மேகம் என்றால் தண்ணீர். சூரியனுக்குப் பக்கம் என்றால் வெக்கை. இரண்டும் சேர்ந்தால் சதுப்புநிலக் காடு. 1918-இல் ஸ்வீடனின் ஸ்வான்டே அரீனியஸ் இப்படித்தான் எழுதினார். சராசரி வெப்பம் 47 டிகிரி, காங்கோவைவிட அதிக ஈரம், எங்கும் செடிகொடிகள். அவர் லேசுப்பட்டவர் இல்லை. வேதியியலில் நோபல் பரிசு வாங்கியவர். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-லேயே கணக்குப் போட்டவரும் அவரேதான். வெள்ளியின் கதவுக்குச் சாவி அவர் மடியிலேயே இருந்திருக்கிறது. பூட்டுதான் அகப்படவில்லை. வெள்ளியில் கரியமில வாயு நிறைந்திருப்பது தெரியவந்தது 1932-இல், அவர் காலமாகி ஐந்து ஆண்டு கழித்து.

நம் ஊர்ப் பழைய நம்பிக்கை வேறு மாதிரி. வெள்ளி தெற்கே ஒதுங்கினால் மழை பொய்க்கும் என்று பட்டினப்பாலை காலத்தில் நினைத்தார்கள். அந்த வெள்ளியின் தரையில் ஒரு குட்டைத் தண்ணீர்கூட இல்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, அரீனியஸுக்கும் தெரியாது.

2. உங்கள் கதையைக் கெடுக்கிற கட்டுரையை முதலில் படியுங்கள்.

1922-லேயே அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தில் வெள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்து நீராவியைத் தேடினார்கள். தட்டுப்படவில்லை. பத்து ஆண்டு கழித்து அதே ஆய்வகம்தான் கரியமில வாயுவைக் கண்டுபிடித்தது. அந்த 1932-இல் கதாசிரியர் எட்கர் ரைஸ் பரோஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? வானளாவிய மரங்களும் கொள்ளைக்காரர்களும் நிறைந்த வெள்ளியைப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுத ஆரம்பித்திருந்தார். கதைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1955-இல்கூட மென்செல், விப்பிள் என்ற இரண்டு வானியலாளர்கள் வெள்ளி முழுக்கக் கடல் என்றார்கள். அதே ஆண்டில் ஃபிரெட் ஹொய்ல், அங்கே இருப்பது எண்ணெய்க் கடல் என்றார். மேகத்துக்குக் கீழே அவரவர் விரும்பியதைக் கொட்டி வைத்தார்கள்.

3. விஞ்ஞானம் பொய்த்தாலும் ஆள் பொய்க்காமல் எழுதுங்கள்.

1954-இல் ரே பிராட்பரி எழுதிய ஒரு சிறுகதையில் வெள்ளியில் ஓயாத மழை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஓரிரு மணி நேரம் மட்டும் வெயில் அடிக்கும். பூமியிலிருந்து வந்த ஒரு சிறுமிக்குத்தான் சூரியன் நினைவிருக்கிறது. அந்தப் பொறாமையில் மற்றப் பிள்ளைகள் அவளை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். வெயில் வருகிறது, போகிறது. வானியல் என்று பார்த்தால் கதையில் எதுவும் தேறாது. ஆனாலும் அந்தப் பூட்டிய கதவு இன்னும் என்னை விட்டபாடில்லை. பரோஸின் கொள்ளைக்காரர்களை, மன்னிக்கவும், இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை.

4. ஓர் அளவு வந்துவிட்டால் அதற்குள் நின்று விளையாடுங்கள்.

1956-இல் வாஷிங்டனில் கார்னல் மேயரின் குழு வெள்ளியிலிருந்து வந்த 3 சென்டிமீட்டர் ரேடியோ அலையை அளந்தது. 300 டிகிரிக்கு மேல் சூடு என்று வந்தது. பலருக்கும் நம்ப மனமில்லை. மேல்காற்றின் மின்துகள்கள் செய்கிற வேலை என்றார்கள். 1962 டிசம்பர் 14 அன்று மரைனர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்தபடி 42 நிமிடம் உற்றுப் பார்த்தது. சூடு மேல்காற்றிலிருந்து வந்திருந்தால் விளிம்பு பளிச்சென்று தெரிந்திருக்கும். தெரிந்ததோ விளிம்பு மங்கலாக, நடு பிரகாசமாக. அடுப்பு கீழேதான் எரிந்துகொண்டிருந்தது. கரியமில வாயுப் போர்வைதான் காரணம் என்று 1960-லேயே வாதாடிய இளைஞர் கார்ல் சேகன்.

ரேடியோ அளவு வந்த பின், மரைனர் போவதற்கு முன், 1961-இல் ஆர்தர் கிளார்க் ஒரு கதை வெளியிட்டார். அப்போது அவர் கொழும்பில் குடியேறியாகிவிட்டது. கிரகம் கொதிக்கிறதா, சரி, துருவம் கொஞ்சம் ஆறியிருக்கலாமே என்று அங்கே ஓர் உயிரை வைத்தார். போனவர்கள் விட்டுவந்த குப்பை மூட்டையிலிருந்த கிருமி அந்த உயிரையே அழித்துவிடுகிறது. துருவத்திலும் தண்ணீர் இல்லை என்று பிறகு தெரிந்தது. குப்பை பற்றிய அந்தக் கவலை இன்றும் விண்வெளி ஆய்வாளர்களை விடவில்லை.

5. சர்க்கரையை மறக்காதீர்கள்.

எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. 1967-இல் சோவியத் நாடு அனுப்பிய வெனேரா 4, ஒருவேளை கடலில் விழுந்தால் மிதக்கும்படி செய்யப்பட்டிருந்தது. அதில் ஒரு பூட்டுக்குச் சர்க்கரையைப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் பட்டால் கரைந்து ஆண்டெனா விடுபடும். நாற்பது ஆண்டுக் கதைகளின் கடல், பொறியாளர் மேசைவரை வந்துவிட்டது பாருங்கள்! நான் சிரிக்கவில்லை. தெரியாத இடத்துக்குப் போகிறவன் தரை, கடல் இரண்டுக்கும் தயாராகத்தான் போவான். அக்டோபர் 18 அன்று அது பாராசூட்டில் இறங்கியது. 262 டிகிரி என்று சொன்னதோடு பேச்சு நின்றது. தரையைத் தொட்டுவிட்டது என்றே முதலில் அறிவித்தார்கள். மறுநாள் கடந்துபோன அமெரிக்க மரைனர் 5-இன் கணக்கோடு ஒப்பிட்டபோதுதான், கலம் 25 கிலோமீட்டர் உயரத்திலேயே அடங்கிவிட்டது புரிந்தது.

1970 டிசம்பர் 15 அன்று வெனேரா 7 நிஜமாகவே தரை தொட்டது. பாராசூட் கிழிந்து விழுந்ததில் குரல் அடங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பதிவு நாடாவைப் பிறகு பொறுமையாகக் கேட்டபோது, இரைச்சலுக்கு அடியில் 23 நிமிட முனகல். 475 டிகிரி. காற்றழுத்தம் நம் பூமியைப்போல் சுமார் 90 மடங்கு.

6. வெனேரா 14-ஐப் பற்றி ஒருமுறையாவது சிரித்துக்கொள்ளுங்கள்.

1982-இல் இறங்கிய அதன் கேமரா மூடி கழன்று விழுந்தது. மண்ணின் இறுக்கத்தை அளக்க நீண்ட கை சரியாக அந்த மூடியின் மேலேயே போய் அமுக்கியது. அத்தனை கோடி கிலோமீட்டர் போய் அளந்தது தாங்கள் கொண்டுபோன மூடியை!

7. என் கதை.

1972-இல் நான் எழுதிய முதல் விஞ்ஞானக் கதையில் வெள்ளியில் ஓர் அல்லிக்குளம், அதில் படகு, படகில் காதலர். பத்திரிகையில் வந்தது, பாராட்டும் வந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் கார்டு போட்டிருந்தார்: "ஈயமே உருகும் இடத்தில் அல்லி எப்படி ஐயா மலர்ந்தது?" ரஷ்யக் கலம் இறங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. செய்தித்தாளில் நானும் படித்திருந்தேன். படித்தது எழுதுகிற கைக்கு வந்து சேரவில்லை.

8. போன வெள்ளிக்காக ஒப்பாரி வைக்காதீர்கள்.

1968-இல் எழுத்தாளர்கள் ஆல்டிஸும் ஹாரிசனும் பழைய வெள்ளிக் கதைகளைத் தொகுத்து, தலைப்பிலேயே அந்தப் பழைய வெள்ளிக்கு விடை கொடுத்தார்கள். அது அவர்கள் தலைமுறையின் துக்கம். உங்களுக்குக் கிடைத்திருக்கும் வெள்ளியைப் பாருங்கள். மழை உண்டு, ஆனால் கந்தக அமில மழை. தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். 50 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட நம் ஊர் மாதிரி. நாம் சுவாசிக்கும் காற்றை நிரப்பினாலே அங்கே பலூன் மிதக்கும். அதை வைத்துத்தான் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஜெஃப்ரி லாண்டிஸ் மிதக்கும் நகரங்களைக் கற்பனை செய்தார். 1985-இல் சோவியத் வேகா கலங்கள் விட்ட இரண்டு பலூன்கள் சுமார் இரண்டு நாள் அங்கே பறந்தே காட்டின. 1978-இல் பயனியர் வீனஸ் விண்கலம் அளந்த கன ஹைட்ரஜனின் மிகுதி, ஆதியில் தண்ணீர் இருந்து தொலைந்துபோனதைச் சொல்கிறது. 1991-இல் மெகெல்லன் விண்கலம் எடுத்த ரேடார் படங்களை 2023-இல் மறுபடி புரட்டியவர்கள், எட்டு மாத இடைவெளியில் ஓர் எரிமலை வாய் உருமாறியிருப்பதைக் கண்டார்கள். முப்பது ஆண்டு அந்தப் படங்கள் கிடந்தன. இந்தியாவின் சொந்தச் சுற்றுக்கலத்துக்கும் 2024-இல் அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

9. அனுப்புமுன் ஒரு பார்வை.

வெள்ளி தலைகீழாகச் சுற்றுகிறது. ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே நம் கணக்கில் 117 நாள். போன மாதம் வந்த ஒரு கதையில், வெள்ளியில் கண்விழித்த நாயகி கிழக்கு வெளுப்பதைப் பார்த்துக் காபி கலக்கினாள். காபி இருக்கட்டும், கிழக்கை மட்டும் மேற்காக்கி அனுப்பம்மா என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.