செம்பனைக் கொட்டையும் சிம்பன்சியும்

ஜெஞ்சாரோமில் வளர்ந்த எனக்குச் செம்பனை அன்றாடம் காணும் மரம். அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கு, கினி நாட்டின் போசு பகுதியில், சிம்பன்சிகள் செம்பனைக் கொட்டையைக் கல்லின்மேல் வைத்து, மற்றொரு கல்லால் உடைத்துத் தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தாயருகே அமர்ந்து பார்த்து இதைக் கற்கக் குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சிகள் புல்தண்டைப் புற்றினுள் விட்டுக் கறையான் பிடிப்பதை 1960ஆம் ஆண்டு ஜேன் குடால் கண்டார்.

தாயை இழந்து மீட்கப்படும் குட்டிக்கு இந்தப் பள்ளி இல்லை. தட்டில் வைத்த பழம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மீதிப் பொழுதில் அது உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். தன் முடியைத் தானே பிடுங்கும்.

எனவே, காப்பகத்தார் செய்யத்தக்கவை மூன்று:

1. மரக்கட்டையில் துளையிட்டுத் தேனை ஊற்றி, அருகே குச்சிகளை வைத்தல்.
2. உணவை வைக்கோலிலும் உயரத்திலும் ஒளித்து, இடத்தை நாளும் மாற்றுதல்.
3. மாலைதோறும் இலைக்கிளைகள் தருதல். சிம்பன்சி இரவுக்கு இரவு புதுப் படுக்கை அமைக்கும் இயல்புடையது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் கம்பத்தில் சங்கிலியில் கட்டியிருந்த குரங்கொன்றும் அப்படித்தான் ஆடியது. நடனம் என்றெண்ணிக் கைதட்டினோம், வாழைப்பழம் கொடுத்தோம். சங்கிலியை அவிழ்க்க எங்களால் முடிந்திராது. ஒரு பச்சைக் கிளையையாவது கொடுத்திருக்கலாம்.